தீவும் வளர்ச்சியும்: சிறு தீவு நாடுகளின் வரலாற்றில் ஒரு கலைச்சொல் நோக்கு

1. முன்னுரை

'சஸ்டெயினபிள் டெவலப்மென்ட்' என்னும் ஆங்கிலத் தொடருக்குத் தமிழில் இன்று ஒன்றல்ல, குறைந்தது நான்கு பெயர்ப்புகள் வழங்குகின்றன. தமிழக அரசு ஏடுகளிலும் நாளிதழ்களிலும் 'நீடித்த வளர்ச்சி', 'நிலையான வளர்ச்சி' ஆகியனவும், இவ்விரண்டையும் சேர்த்த 'நீடித்த நிலையான வளர்ச்சி' என்பதும் காணப்படுகின்றன. சூழலியல் நூல்களில் 'வளங்குன்றா வளர்ச்சி', 'பேண்தகு வளர்ச்சி' ஆகியன ஆளப்படுகின்றன. இலங்கையில் 'நிலைபேறான அபிவிருத்தி' என்பது ஆட்சிவழக்காகி, 2017ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரிலும் இடம்பெற்றுவிட்டது. ஒரு பொருளுக்குப் பல சொற்கள் இருப்பது மொழியின் வளம் என்று கொள்வாரும் உளர். ஆயின் கலைச்சொற்களைப் பொறுத்தவரை ஒவ்வொரு சொல்லும் பொருளின் ஒரு கூற்றை முன்னிறுத்தி மற்றொரு கூற்றை மறைக்கிறது. அங்ஙனம் மறைவது எது என்பதை அகராதி கொண்டு மட்டும் அறிய இயலாது. அச்சொல் எந்த வாழ்வைக் குறிக்க எழுந்ததோ அவ்வாழ்வின் வரலாற்றைக் கொண்டே அறிய இயலும்.

இத்தொடரின் கடுமையான சோதனைக்களமாக விளங்குவன சிறு தீவு நாடுகள். எல்லை கண்ணுக்குத் தெரியும் நிலம், குறைந்த நன்னீர், வெளியாரைச் சார்ந்த வாணிகம், உயர்ந்துவரும் கடல் ஆகியன அங்கு ஒருங்கே கூடுகின்றன. அந்நாடுகளின் வரலாற்றைத் துணைக்கொண்டு தமிழ்ப் பெயர்ப்புகளை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. 'தீவு' என்னும் சொல்

'தீவு' என்பது வடமொழி 'த்வீப' என்பதன் பிராகிருத வடிவத்தின் வழியே தமிழுக்கு வந்த சொல். ஆற்றிடைக் குறையைக் குறிக்கத் 'துருத்தி', 'அரங்கம்' ஆகிய சொற்கள் தமிழில் உண்டு. மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவம் கடலிடைத் தீவாகவே சித்திரிக்கப்படுகிறது. 'தீவகம்' என்னும் பழைய வடிவம் யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுகளைக் குறிக்க இன்றும் பேச்சில் நிலவுகிறது.

ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. 'நாவலந்தீவு' என்னும் ஆட்சியில் ஒரு பெருநிலப்பரப்பே தீவு எனப்பட்டது. எனவே தமிழ் மரபில் 'தீவு' என்பது சிறுமையையோ தனிமையையோ தன்னளவில் உணர்த்தும் சொல் அன்று. நீர் சூழ்ந்தது என்பதே அதன் பொருள். 'சிறு' என்னும் அடை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அனைத்துலக அரசியலால் சேர்க்கப்பட்டது.

முதலாம் இராசராசன் (985-1014) வென்ற நாடுகளுள் 'பழந்தீவு பன்னீராயிரம்' அவனது மெய்க்கீர்த்தியில் இடம்பெறுகிறது. இதனை மாலத்தீவுகள் என நீலகண்ட சாத்திரியார் முதலிய வரலாற்றறிஞர் கொள்வர். பன்னீராயிரம் என்பது எண்ணிக்கையன்று, மிகுதியைச் சுட்டுவது. உண்மையில் மாலத்தீவில் உள்ளவை ஏறத்தாழ 1,190 தீவுகள். அவற்றுள் மக்கள் வாழ்பவை 200க்கும் குறைவு. அந்நாட்டின் மொழிப்பெயராகிய 'திவெஹி' என்பதும் 'தீவு' பிறந்த அதே வேரிலிருந்து பிறந்ததாகும்.

இரு கரைகளுக்கும் இடையே சொற்களும் சென்று வந்தன. திவெஹியில் படகைக் குறிக்கும் 'தோனி' நம் 'தோணி'யோடு உறவுடையது. தூத்துக்குடியிலும் இலங்கையிலும் விற்கப்படும் 'மாசி' என்னும் உலர்மீனின் பெயர், மீனைக் குறிக்கும் 'மஸ்' என்னும் திவெஹிச் சொல்லோடு தொடர்புடையது. 1343-44இல் அங்குத் தங்கி நீதிபதியாகப் பணியாற்றிய இபன் பதூதா, சோழியும் தென்னங்கயிறும் அங்கிருந்து ஏற்றுமதியானதை விரிவாக எழுதியுள்ளார். சோழி வங்கத்தில் நாணயமாக வழங்கிற்று. அதற்கு மாற்றாக அரிசி தீவுகளுக்கு வந்தது.

இச்செய்திகளால் அறியப்படுவது யாது? தன்னிறைவு பெற்று ஒதுங்கி வாழும் தீவு என்பது ஒரு கற்பனையே. தீவு வாழ்வு பரிமாற்றத்தால் நிலைபெற்ற வாழ்வு. பரிமாற்றம் முறிந்தால் வாழ்வும் ஆட்டங்கண்டது. 1970களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கை மாசி இறக்குமதியைக் குறைத்தபோது, மாலத்தீவு தன் மீன்வளத்தை வேறு சந்தைகளுக்குத் திருப்ப நேர்ந்தது. முதல் சுற்றுலா விடுதி அங்கு 1972இல் திறக்கப்பட்டது. பழந்தொழில் தளர்வதும் புதுத்தொழில் தோன்றுவதும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன.

3. கருத்தின் தீவுப் பிறப்பு

'சஸ்டெயினபிள்' என்னும் கருத்தின் பழைய ஆட்சியாகச் செருமானிய வனவியலாளர் கார்லோவிட்சின் 1713ஆம் ஆண்டு நூலைச் சுட்டுவது வழக்கம். வெட்டும் மரத்தின் அளவு வளரும் மரத்தின் அளவை மிஞ்சலாகாது என்பது அதன் சாரம். ஆயின் அதே நூற்றாண்டில், இந்துமாக்கடலின் ஒரு தீவிலும் இக்கருத்து ஆட்சியாணையாக உருப்பெற்றது. இதனை ரிச்சர்ட் குரோவ் 1995இல் வெளியிட்ட ஆய்வுநூலில் விளக்கியுள்ளார்.

அத்தீவு மொரீசியசு. 1638 முதல் 1710 வரை அங்கிருந்த ஒல்லாந்தர் கருங்காலி மரங்களை வெட்டினர். டோடோ என்னும் பறவை பதினேழாம் நூற்றாண்டு முடிவதற்குள் அழிந்தது. பின்வந்த பிரெஞ்சு ஆட்சியில் 1767 முதல் 1772 வரை நிருவாகியாயிருந்த பியர் புவாவர், காடழிந்தால் மழை குறையும், மண் அரிக்கும் என்று கருதினார். நிலம் பெற்றோர் அதில் நான்கில் ஒரு பங்கைக் காடாக விட்டுவைத்தல் வேண்டும் என 1769இல் விதி வகுக்கப்பட்டது. எல்லை கண்முன்னே தெரியும் நிலப்பரப்பில்தான் வளத்தின் எல்லையும் முதலில் புலப்பட்டது எனலாம்.

அவ்விதி நெடுங்காலம் வெற்றி பெறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் கரும்பு பரவியது, காடு சுருங்கியது. நல்ல நிலையில் எஞ்சியிருக்கும் இயற்கைக் காடு இன்று நிலப்பரப்பில் 2 விழுக்காட்டுக்கும் குறைவே. 1835இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் தொடங்கிய ஒப்பந்தக்கூலி முறையில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்தியர், சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்ற தமிழர் உட்பட, அத்தீவில் இறங்கினர். பிரெஞ்சுக் காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து கைவினைஞர் சென்றிருந்தனர். அந்நாட்டின் பணத்தாள்களில் தமிழெழுத்தும் தமிழெண்களும் இன்றும் அச்சாகின்றன. ஆகவே இவ்வாய்வுப்பொருள் தமிழருக்கு அயலானதன்று. நம் மக்களின் உழைப்பும் அதனுள் அடங்கியுள்ளது.

1968இல் விடுதலை பெற்றபோது மொரீசியசின் எதிர்காலம் குறித்து நம்பிக்கை கொண்டோர் சிலரே. பொருளியலறிஞர் ஜேம்சு மீடு 1961இல் அளித்த அறிக்கை, பெருகும் மக்கள்தொகையையும் ஒற்றைப் பயிரையும் சுட்டி இருண்ட சித்திரத்தையே வரைந்தது. 1970இல் ஏற்றுமதி உற்பத்தி வலயமும், 1975இல் ஐரோப்பியச் சமூகத்துடன் ஏற்பட்ட சர்க்கரை உடன்பாடும் அச்சித்திரத்தை மாற்றின. அவ்வுடன்பாடு 2009இல் முடிவுக்கு வந்தபோது, தீவின் வாழ்வு தொலைவிலிருப்போரின் தீர்மானத்தைச் சார்ந்தது என்பது மீண்டும் தெளிவாயிற்று. 2020 சூலையில் 'வகாஷியோ' என்னும் கப்பல் தென்கிழக்குக் கரையின் பவளத்திட்டில் மோதி எண்ணெய் கசிந்தது. அக்கப்பல் மொரீசியசுக்கு வந்ததன்று. அவ்வழியே கடந்து சென்றது.

4. ஓர் அரசியல் வகையின் தோற்றம்

1987 இரண்டு வகையில் நினைவுகூரத்தக்க ஆண்டு. புருண்ட்லாண்டு ஆணையத்தின் அறிக்கை அவ்வாண்டில் வெளியாகி, 'சஸ்டெயினபிள் டெவலப்மென்ட்' என்னும் தொடரை உலக வழக்காக்கியது. அதே ஆண்டு ஏப்பிரலில் பேரலைகள் மாலே நகரை மூழ்கடித்தன. அக்டோபரில் மாலத்தீவின் குடியரசுத் தலைவர் மவுமூன் அப்துல் கயூம் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவையில் தம் நாடு எதிர்கொள்ளும் இடரை எடுத்துரைத்தார். 1989 நவம்பரில் மாலேயில் கூடிய சிறு நாடுகள் கடல்மட்ட உயர்வு குறித்துச் சாற்றுரை வெளியிட்டன. 1990இல் சிறு தீவு நாடுகளின் கூட்டணி உருவாயிற்று. இன்று அதன் உறுப்பினர் 39.

1992இல் ரியோ மாநாடு இவ்வகை நாடுகளின் தனிநிலையை ஏற்றது. பின்னர் 1994இல் பார்படோசு, 2005இல் மொரீசியசு, 2014இல் சமோவா, 2024இல் ஆன்டிகுவா-பார்புடா ஆகிய இடங்களில் இந்நாடுகளுக்கெனத் தனி மாநாடுகள் நடைபெற்றன. உலகப் பசுங்குடில் வாயு வெளியீட்டில் இந்நாடுகளின் பங்கு 1 விழுக்காட்டுக்கும் குறைவு. பிறர் விளைத்ததன் பயனைத் தாம் நுகர நேர்ந்தது என்பதே இவற்றின் வாதத்தின் அடிப்படை.

'சிறு' என்னும் அடையை இத்தீவினரே பின்னர் வினவினர். அறிஞர் எபெலி அவுஓஃபா 1993இல் எழுதிய கட்டுரையில், கடலில் சிதறிய நிலத்துணுக்குகளாகவன்றித் தீவுகள் நிறைந்த கடலாகத் தம் உலகைக் காணல் வேண்டும் என்றார். மொரீசியசின் நிலப்பரப்பு ஏறத்தாழ 2,040 சதுர கிலோமீட்டர். அதன் கடற்பொருளாதார வலயமோ ஏறத்தாழ 23 இலட்சம் சதுர கிலோமீட்டர். இக்கணக்கின்படி இவை 'பெருங்கடல் நாடுகள்' என்றும் இன்று அழைக்கப்படுகின்றன. மொழிபெயர்ப்பாளர் இவ்விரு வழக்குகளையும் ஒன்றாகக் கொண்டு 'சிறு தீவு நாடுகள்' என்றே எழுதுவாராயின், அம்மக்கள் வேண்டிய மாற்றம் தமிழில் தோன்றாமலே போகும்.

5. நான்கு பெயர்ப்புகள், நான்கு தீவு வரலாறுகள்

5.1. நீடித்த வளர்ச்சி: 'நீடித்த' என்பது கால அளவை மட்டும் உணர்த்துகிறது. 'நீடித்த நோய்', 'நீடித்த போர்' என்பனவற்றிலும் அடை இதுவே. எனவே இத்தொடரைப் படிப்போர் இடையறாது தொடரும் வளர்ச்சி என்று பொருள் கொள்ள இடமுண்டு. எல்லை என்னும் கருத்து இதில் இல்லை. இந்தியில் வழங்கும் 'சதத் விகாஸ்' என்பதற்கும் இக்குறை உண்டு. 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நவுரு இதற்குத் தக்க சான்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் அங்குப் பாசுபேட்டு அகழப்பட்டது. 1968இல் விடுதலை பெற்றபின் 1970களில் தலைக்குரிய வருமானத்தில் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்றாக அது விளங்கியது. வளர்ச்சி பல பத்தாண்டுகள் நீடித்தது. ஆயின் தீவின் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு பயன்படா நிலமாயிற்று. நீடித்தல் மட்டும் போதாது என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் வரலாறு அரிது.

5.2. நிலையான வளர்ச்சி, நிலைபேறான அபிவிருத்தி: இவை அசையாமையை முன்னிறுத்துகின்றன. பவளத்தீவின் இயல்போ அசைவு. பருவக்காற்றுக்கேற்ப மணல் ஒருகரையில் குறைந்து மறுகரையில் சேரும். பொருளியலும் அத்தகையதே. மாலத்தீவைக் குறைவளர்ச்சி நாடுகளின் பட்டியலிலிருந்து உயர்த்தலாம் என ஐ.நா. பொதுப்பேரவை 2004 திசம்பர் 20 அன்று தீர்மானித்தது. ஆறாம் நாள் ஆழிப்பேரலை வந்தது; நாட்டின் ஆண்டு உற்பத்தியில் 62 விழுக்காட்டுக்கு ஈடான சேதம் என மதிப்பிடப்பட்டது. பட்டியலிலிருந்து விடுபடுதல் 2011 வரை தள்ளிப்போயிற்று. 'நிலைபேறு' என்னும் சொல்லின் நம்பிக்கை இத்தகைய வாழ்வுக்குப் பொருந்துவதன்று. வீழ்ந்து எழும் ஆற்றலே அங்கு வேண்டப்படுகிறது. இவ்வாற்றலைக் குறிக்க இன்று 'மீள்திறன்' என்னும் சொல் வழங்குகிறது. தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட பேரிடர் தாங்கும் கட்டமைப்புக்கான கூட்டணி 2021இல் தீவு நாடுகளுக்கெனத் தொடங்கிய திட்டத்தின் மையக்கருத்தும் இதுவே.

5.3. வளங்குன்றா வளர்ச்சி: எல்லைக் கருத்தைத் தெளிவாக ஏற்றது இத்தொடர், எதிர்மறைப் பெயரெச்சத்தால் ஆன செறிவான ஆக்கம். ஆயின் இதில் வளம் உண்டு, மக்கள் இல்லை. சாகோசுத் தீவுகளின் மக்கள் 1968க்கும் 1973க்கும் இடையே படைத்தளத்தின் பொருட்டு வெளியேற்றப்பட்டனர். 2010இல் பிரித்தானியா அக்கடற்பரப்பைக் காப்பகமாக அறிவித்தது. மக்கள் திரும்ப இயலாத கடலில் மீனும் பவளமும் காக்கப்பட்டன, வளம் குன்றவில்லை. அவ்வறிவிப்பு மொரீசியசின் உரிமைகளைப் பொருட்படுத்தாது செய்யப்பட்டதால் கடற்சட்ட உடன்படிக்கைக்கு முரணானது என 2015இல் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. வளத்தை மட்டும் காக்கும் சொல் நீதியைக் காப்பதில்லை என்பது இதனால் பெறப்படும்.

5.4. பேண்தகு வளர்ச்சி: 'பேண்' என்னும் வினை காத்தல், போற்றுதல், ஓம்புதல் ஆகிய பொருள்களை உடையது; பேணுபவர் ஒருவர் உண்டு என்பதை அது குறிப்பாக உணர்த்துகிறது. ஆங்கிலச் சொல்லின் மூலமான இலத்தீன் வினை கீழிருந்து தாங்குதலைக் குறிப்பது; அதற்கு அணுக்கமானதும் இதுவே. 'தகு' என்பது 'இயலும்' என்றும் 'உரியது' என்றும் இருபொருள்படுவது குறையாகக் கூறப்படலாம். எனினும் பேணுபவர் யார், எவர்க்காக என்னும் வினாவை இச்சொல் எழுப்புகிறது. ஏனைய மூன்றும் எழுப்புவதில்லை. தீவு நாடுகள் அனைத்துலக மன்றங்களில் முப்பதாண்டுகளுக்கும் மேலாக எழுப்பிவரும் வினாவும் இதுவேயாகும்.

6. பெயர்களும் கடப்பாடும்

கலைச்சொல்லுக்கு அடுத்த நிலையில் கருதத்தக்கன இடப்பெயர்களும் இயற்கைப் பெயர்களும். வளையவடிவப் பவளத்தீவைக் குறிக்கும் 'அட்டோல்' என்னும் உலகப்பொதுச் சொல் திவெஹி மொழி அளித்தது. மன்னார் வளைகுடா மீனவர் கடலடித் திட்டைப் 'பார்' என்பர். முத்துக்குளிப்பு ஏடுகளில் 'முத்துப்பார்' நெடுங்காலமாகப் பதிவாகியுள்ளது. அவ்வளைகுடாவின் 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கின; பவளக்கல் அகழ்ந்தது இதற்கு முதன்மைக் காரணமாகச் சொல்லப்படுகிறது. தீவு மறைந்தபின் அதன் பெயரே அதன் சான்றாக எஞ்சுகிறது. எனவே பெயரை வழுவின்றி எழுதுதல் வரலாற்றுக் கடமையுமாகும். 'கிரிபாட்டி' என்று தமிழ் ஏடுகள் எழுதும் நாட்டின் பெயர் அம்மக்கள் நாவில் 'கிரிபாஸ்' என்றே ஒலிக்கும். 'கில்பர்ட்சு' என்னும் ஆங்கிலப் பெயரின் அம்மொழி வடிவம் அது.

பெயரை ஒலிபெயர்ப்பதா, மொழிபெயர்ப்பதா என்னும் சிக்கலுக்குத் தில்லியின் மந்திர் மார்க் நல்ல எடுத்துக்காட்டு. ஆங்கிலேயர் காலத்தில் ரீடிங் சாலை எனப்பட்ட அத்தெரு, 1939இல் திறக்கப்பட்ட இலட்சுமி நாராயணர் கோயிலையொட்டிப் பின்னர் இப்பெயர் பெற்றது. தமிழில் 'கோயில் சாலை' என்று எழுதுவாரிலர். 'மந்திர் மார்க்' என்றே எழுதுகிறோம். அவ்வாறு எழுதும்போது தமிழ் வரிவடிவம் 'மந்திரம்' என்னும் சொல்லை நினைவூட்டிப் பொருள் மயக்கமும் தருகிறது. பழந்தமிழ் நிகண்டு வழக்கில் 'மந்திரம்' வீட்டையும் குறிக்கும் என்பது அறிந்தார்க்கே மயக்கம் தீரும். 1923இல் தோன்றிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளுள் ஒன்று இத்தெருவில் அமைந்துள்ளது. இந்தியில் 'சதத் விகாஸ்' என்றும், ஆங்கிலத்தில் வேறொன்றாகவும் கேட்கும் சூழலில் வளரும் அத்தகைய மாணவருக்குத் தமிழ்ப்பாடம் எந்தத் தொடரைத் தருகிறது என்பது சிறிய வினாவன்று. இந்தியின் நிழலாக 'நீடித்த' என்பதைத் தருவதைவிட, தனித்த சிந்தனையைத் தரும் சொல்லை அளித்தல் நன்று.

சொல்லைவிட நுண்ணியது வினைமுற்று. 2015 திசம்பரில் பாரிசு உடன்படிக்கை நிறைவேறும் தறுவாயில், வளர்ந்த நாடுகளின் வெளியீட்டுக் குறைப்பைக் கூறும் வாசகத்தில் 'ஷேல்' என்றிருந்தது 'ஷுட்' என மாற்றப்பட்டது. முன்னது சட்டக் கடப்பாட்டையும் பின்னது அறிவுறுத்தலையும் குறிப்பன. தமிழில் இரண்டனையும் 'வேண்டும்' என்றே பெயர்த்துவிட இயலும். அங்ஙனம் பெயர்த்தால் உலகம் விழித்திருந்து வாதிட்ட வேறுபாடு ஒரே சொல்லில் கரைந்துபோம். கடப்பாட்டிற்குச் 'செய்யக் கடப்பாடுடையது' என்றும், அறிவுறுத்தலுக்குச் 'செய்தல் வேண்டும்' என்றும் வரையறுத்துக் கொள்ளுதல் தகும். வனுவாட்டு முன்னின்று முயன்றதன் பயனாக, பருவநிலை தொடர்பாக அரசுகளுக்குள்ள கடப்பாடுகளைப் பற்றி அனைத்துலக நீதிமன்றம் 2025 சூலை 23 அன்று அறிவுரைக் கருத்து வழங்கியுள்ளது. அது தமிழாக்கம் பெறும்போது இவ்வேறுபாடு இன்றியமையாததாகும்.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, வளத்தின் எல்லை என்னும் கருத்து தீவுகளிலும் உருவானது. எனவே தீவு நாடுகளை உதவி பெறுவோராக மட்டும் காட்டும் மொழிநடை வரலாற்றுக்குப் பொருந்தாது. இரண்டாவது, நிலவும் நான்கு பெயர்ப்புகளுள் பேணுபவர் யார் என்னும் வினாவைத் தன்னகத்தே கொண்ட 'பேண்தகு வளர்ச்சி' என்பதைப் பொதுக் கலைச்சொல்லாகக் கொள்ளலாம். இலங்கைச் சட்டம் போன்று ஏற்கெனவே ஆட்சிப்பெயர் பெற்றவற்றை உள்ளவாறே எடுத்தாளுதல் முறை. மூன்றாவது, ஒரே நூலில் ஒரு கருத்துக்கு ஒரு சொல்லே ஆளப்படுதல் வேண்டும். கடப்பாடும் அறிவுறுத்தலும் வேறு வேறு வினைமுற்றுகளால் குறிக்கப்படுதல் வேண்டும். நான்காவது, தீவுகளின் பெயர்கள் அம்மக்கள் ஒலிக்குமாறு எழுதப்படுதல் வேண்டும்.

துவாலு 2023இல் ஆத்திரேலியாவுடன் செய்துகொண்ட உடன்படிக்கைக்கு 'ஃபலேபிலி' என்று தன் மொழியில் பெயரிட்டது. நல்ல அயலாராய் ஒருவருக்கொருவர் துணைநிற்றலைக் குறிக்கும் அம்மக்களின் சொல் அது. நிலம் சுருங்கும் காலத்திலும் தன் சொல்லை உலகச் சட்டத்தினுள் ஒரு சிறு நாடு பதித்துள்ளது. அச்சொல்லைத் தமிழில் கொணரும்போது ஒலியையும் பொருளையும் ஒருங்கே காத்தல் மொழிபெயர்ப்பாளரின் பணி. தோணியும் மாசியும் சென்று வந்த கடல்வழியில் இனிச் செல்ல வேண்டியவை இத்தகைய சொற்களே.